பின்பக்கமாக வெட்டுவது

ஷார்ஜா, சஜா தொழிற்பேட்டை.
இரவு இரண்டு மணி ஆகியும்
தகரக் கூரை ஆகஸ்ட் பகலை விடவில்லை.
பெரிய மெஷின் மோட்டார் கருகிப் படுத்துவிட்டது,
அதனால்தான் நான்,
அதனால்தான் இந்த வயரில்லா ஜிக்ஸா.
காலை எட்டுக்குள் ஒரு கம்பெனியின் பெயர் வேண்டும்
கண்காட்சி வாசலில் நிறுத்த,
ஆளுயரத்தில், அரபியில்.

எனக்கு அரபி வாசிக்கத் தெரியாது.
வளைவு தெரியும்.
இது படகு, இது கொக்கி,
இது தலையில் ஓட்டை விழுந்த அகப்பை.

ஜிக்ஸாவின் பல் மேல்நோக்கிக் கடிக்கும்.
மேல்முகம் பிசிறடிக்கும், அடிமுகம் வழவழக்கும்.
எனவே நல்ல முகத்தைக் குப்புறப் போட்டு
முதுகில் கோடு கிழிக்க வேண்டும்,
கண்ணாடிக்குள் எழுதுவதுபோல.
வலமிருந்து இடம் போகிற எழுத்து
என் பக்கத்தில் மட்டும்
இடமிருந்து வலம் போகிறது,
தமிழைப் போலவே.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

லோகேந்திரா பலகையைப் பிடிக்க வருகிறான்.
கை காட்டு, என்கிறேன்.
காட்டுகிறான். இரண்டு.
என்னுடையது இரண்டு.
நான்கும் பலகைக்கு மேலே.
குனிந்து அடியிலும் பார்க்கிறேன்:
ஸ்டாண்ட் கால், சார்ஜர் வயர்,
யாரோ கழற்றிப் போட்ட செருப்பு.
வயரை நகர்த்துகிறேன், செருப்பையும்தான்.
அவன் சிரிக்கிறான்,
தினமும் எண்ணுகிறாயே, கூடவா போகிறது?

கூடாது லோகேந்திரா.

போன ரமலானில் ரொகிபுல்
அடியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தான்.
மேலே நின்ற எனக்கு
மரம் மட்டும் தெரிந்தது.
பிளேடு பலகையைத் தாண்டி
இரண்டு அங்குலம் கீழே இறங்கி ஏறும்,
அந்த இரண்டு அங்குலத்தில்
யார் இருக்கிறார் என்று சத்தம் சொல்லாது.
நகத்தோடு போயிற்று என்றார்கள் கிளினிக்கில்.
அவன் இப்போது பெயின்ட் பிரிவில்.
எதிரே வந்தால் சலாம் சொல்கிறான்.
நான்தான் கடிகாரம் பார்க்கிறேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் பிளேடு மாற்றுகிறேன்.
வளைவுக்கு ஒல்லி பிளேடு.
அகப்பையின் ஓட்டைக்கு முதலில் டிரில்லில் ஒரு துளை,
அதில் பிளேடை இறக்கி, அடித்தட்டு பலகையில் படிய,
பிறகுதான் விசை.
தள்ளக் கூடாது.
தள்ளினால் மேலே கோட்டில் போகும்,
அடியில் பிளேடு வேறு ஊருக்குப் போயிருக்கும்.
அது தின்கிற வேகத்துக்குக் கை கூடப் போனால் போதும்.
நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடும்,
ஓடி முடிக்கட்டும்,
அதற்குமுன் தூக்குகிறவன்
பலகையையோ தொடையையோ கெடுப்பான்.

கண்ணாடிக்குள் வியர்வை ஊறுகிறது.
துடைப்பதென்றால் நிறுத்திவிட்டுத் துடைக்கிறேன்.
மூன்றே கால் மணிக்கு முதல் பேட்டரி செத்தது.
கையில் பிடிக்க முடியாத சூடு,
சார்ஜரில் போட்டால் சிவப்பாக முறைக்கிறது.
தண்ணீர் கூலர் பக்கத்தில் வைத்து
அது ஆறும்வரை
நாங்களும் ஆறினோம், ஆளுக்கு ஒரு சுலைமானி.

விடிகிற நேரத்தில்
ஆறு துண்டுகளையும் திருப்பிப் போட்டோம்.
பிசிறில்லை.
தமிழ்போல் ஓடியதெல்லாம்
ஒரே புரட்டில் அரபியாகி நின்றது.
டிசைனர் வாயில் வந்து
விளிம்பைத் தடவிப் பார்த்து
என்னவோ வாசித்தார். நான் கேட்கவில்லை.
லாரி எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போனது.

மூன்று நாள் நிற்கும் அந்தப் பெயர்.
நான்காம் நாள் உடைத்துக் குப்பையில் ஏற்றுவதும்
எங்கள் ஆட்கள்தான்.

தரையில் கிடந்தது
அகப்பை எழுத்தின் ஓட்டையிலிருந்து விழுந்த வட்டம்,
உள்ளங்கை அகலம்.
பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன்.
அறையில் என் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை,
திரும்பிப் படுத்தால் மேல்தட்டுக்காரன் திட்டுவான்.
இப்போது அது அந்தக் காலுக்கு அடியில்.
ஆடுவதில்லை.